நேரலை சிம் ரேஸிங் ஒளிபரப்பில் நிபுணர் ஒருவரைச் சேர்ப்பது: ஆள், தரவு, ஒலி, ரீப்ளே

பிட்வால்:

வணக்கம் நண்பர்களே. ஏசிசியில் (அசெட்டோ கோர்ஸா கொம்பெட்டிட்சியோனே என்ற கார் பந்தய சிமுலேட்டர்) வாரம் ஒரு ஜிடி3 வகைக் கார்களின் லீக் ரேஸ். 60 நிமிடம், 28 கார். ஒளிபரப்புக்கு ஒரே கணினி, ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருள், இரண்டு வர்ணனையாளர்கள், குரலுக்கு டிஸ்கார்ட். அடுத்த சீசனில் மூன்றாவதாக ஒரு நிபுணரைச் சேர்க்க முடிவாகியிருக்கிறது. யார் யாரை முந்தினார் என்பதை வர்ணனையாளர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். எதனால் முந்த முடிந்தது, அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

எப்படிப்பட்ட ஆளைப் பிடிப்பது? அவர் முன்னால் என்ன திரை, என்ன தரவு இருக்க வேண்டும்? குரலையும் படத்தையும் எப்படி இணைப்பது? இதே குழு ஐரேஸிங் என்ற இன்னொரு சிம்மிலும் ஒரு தொடர் நடத்தவிருக்கிறது. இரண்டுக்கும் பொருந்தும்படி சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏபெக்ஸ்வேட்டை:

முதலில் ஆள். பெயர் பெற்றவரைத் தேடாதீர்கள், இப்போது அதே சிம்மை ஓட்டிக்கொண்டிருப்பவரைத் தேடுங்கள்.

டிவியில் முன்னாள் ஓட்டுநர்கள் நிபுணராக வெற்றி பெற்றதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்கை ஸ்போர்ட்ஸில் ஆண்டனி டேவிட்சனும் நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் தொடுதிரை முன் நின்று இரண்டு கார்களின் ஆன்போர்டை (காரிலிருந்தே எடுத்த படம்) அருகருகே ஓடவிட்டு விளக்குவதைப் பாருங்கள். அதுதான் நமக்கு வேண்டிய வேலை. 2020 மார்ச் 22-ல் நாஸ்கார் உண்மைப் பந்தயங்களை நிறுத்திவிட்டு ஐரேஸிங்கில் ஹோம்ஸ்டெட் ரேஸை நடத்தியபோதும் ஃபாக்ஸ் இதே வழியில்தான் போனது. மைக் ஜாய் வர்ணனை, பக்கத்தில் ஜெஃப் கார்டன். ஃபாக்ஸின் எஃப்எஸ்1 சேனலில் சுமார் 9 லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஆனால் அந்த நாளில் பார்வையாளருக்கு சிம் புதிது, ஓட்டியவர்களில் பலருக்கும் புதிது. லீக் ரேஸ் பார்ப்பவர் அப்படி இல்லை, பாதிப் பேர் அவர்களே ஓட்டுகிறவர்கள். ஒரு தப்பு சொன்னால் அடுத்த நொடி சாட்டில் வந்துவிடும். ஒரு உதாரணம்: ஏசிசி 1.9 அப்டேட்டில் டயர் மாடல் மாறி, ஜிடி3 உலர் டயருக்கான சரியான அழுத்தம் 26-27 பிஎஸ்ஐ பக்கம் இறங்கியது. அதற்கு முன் எல்லோரும் 27.5-ஐ ஒட்டி வைத்தார்கள். பழைய எண்ணை மனதில் வைத்திருப்பவர், 26.5-ல் ஓடும் காரைப் பார்த்து "அழுத்தம் குறைவு, திணறுகிறார்" என்று நேரலையில் சொல்லிவிடுவார். அவர் நிஜ ரேஸில் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் அந்த இடத்தில் அது உதவாது.

லீக்கில் எட்டாவது, பத்தாவது இடத்தில் முடிக்கும், செட்டப் செய்யத் தெரிந்த, நிதானமாகப் பேசும் ஒருவரே போதும். அணிக்கு இன்ஜினியராக உட்கார்ந்து பழகியவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓட்டுநர் ஒரு வளைவைப் பார்ப்பார், இன்ஜினியர் முழு ரேஸையும் பார்ப்பார்.

ஷேடோ_கியர்:

தரவு பற்றி நான் சொல்கிறேன். இங்கேதான் பலர் கனவு கண்டு ஏமாறுவார்கள். எல்லாக் காரின் த்ராட்டிலும் (ஆக்ஸிலரேட்டர்) பிரேக்கும் ஒளிபரப்பில் காட்டலாம் என்று நினைத்துத் தொடங்குவார்கள். எந்த சிம் எதைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டு திட்டமிடுங்கள்.

ஏசிசியில் ஒளிபரப்புக்கென்றே ஒரு ஏபிஐ, அதாவது வேறு நிரல்கள் தரவை வாங்கும் வழி, இருக்கிறது. டாக்குமெண்ட்ஸில் அசெட்டோ கோர்ஸா கொம்பெட்டிட்சியோனே, அதற்குள் கான்ஃபிக், அதில் பிராட்காஸ்டிங் ஜேசன் கோப்பு. போர்ட் எண் 0 என்று இருக்கும் வரை எதுவும் வராது, 9000 என்று மாற்றி ஒரு கடவுச்சொல் வையுங்கள். கவனம்: அந்த வரியின் பெயரில் யுடிபி என்பது எழுத்து மாறி யுபிடி என்றுதான் இருக்கும். அது விளையாட்டிலேயே உள்ள பிழை. நீங்கள் திருத்தினால் வேலை செய்யாது, அப்படியே விடுங்கள்.

இதில் எல்லாக் காருக்கும் கிடைப்பது: இடம், வேகம், கியர், சுற்று நேரம், செக்டர் நேரம், டெல்டா (நேர வித்தியாசம்), பாதையில் எந்தப் புள்ளியில் இருக்கிறது. கிடைக்காதது: த்ராட்டில், பிரேக், எரிபொருள், டயர் நிலை. அவை ஷேர்டு மெமரியில் (அதே கணினியின் மற்ற நிரல்கள் படிக்கும் நினைவகம்) உண்டு, ஆனால் அந்தந்த ஓட்டுநரின் கணினியில் அவரவர் காருக்கு மட்டும்.

ஐரேஸிங்கிலும் ஏறக்குறைய இதே கதை. மற்றவர் காருக்கு ஆர்பிஎம் (இன்ஜின் சுழற்சி வேகம்), கியர், ஸ்டீயரிங் கோணம், சுற்றில் எத்தனை சதவீதம் கடந்தார், பிட் பாதையில் இருக்கிறாரா என்பவை வரும். பெடலும் எரிபொருளும் வராது.

எஃப்1 வீடியோ கேம் இதில் தாராளம். யுடிபி போர்ட் 20777, நொடிக்கு 60 தடவை வரை அனுப்பும், எல்லாக் காரின் த்ராட்டிலும் பிரேக்கும் வரும். ஆனால் எரிபொருள், பேட்டரி, டயர் தேய்மானம், சேதம் ஆகியவை ஒவ்வொரு ஓட்டுநரும் தன் அமைப்பில் டெலிமெட்ரியைப் பப்ளிக் என்று வைத்திருந்தால்தான் வரும். இயல்பாக அது ரெஸ்ட்ரிக்டட். 20 பேரில் 3 பேர் மறந்தால் அந்த மூவருக்கும் திரையில் பூஜ்யம் தெரியும். அதைப் பார்த்து நிபுணர் "எரிபொருள் தீர்ந்துவிட்டது" என்று சொன்னால் மானம் போகும். அதனால் டிரைவர்ஸ் பிரீஃபிங்கில் முதல் வரியாக இதைச் சொல்லுங்கள், தகுதிச் சுற்றின்போதே சரிபாருங்கள்.

கவி_ரேஸ்கிராஃப்ட்:

பெடல் தரவு இல்லாமல் ஒருவர் எரிபொருள் மிச்சம் பிடிக்கிறாரா என்று எப்படிச் சொல்ல முடியும் அண்ணா? நிபுணர் என்று வந்தால் முதலில் கேட்பதே அதுதானே?

ஷேடோ_கியர்:

வேகக்கோட்டை வைத்தே சொல்லலாம் தங்கச்சி. பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பாதையில் கெம்மல் நேர்பாதையின் முடிவு, லே கோம்பு வளைவுக்கு முன்னால் உள்ள பகுதியை எடுத்துக்கொள். முழுமூச்சாக வருபவரின் வேகம் மேலே ஏறிக்கொண்டே போய், பிரேக் புள்ளியில் செங்குத்தாக விழும். லிஃப்ட் அண்ட் கோஸ்ட் (பிரேக்குக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்து உருளவிடுவது) செய்பவரின் கோட்டில் இரண்டு சரிவுகள் தெரியும். முதலில் ஒரு நொடி போல மெதுவாக இறங்கும், பிறகுதான் செங்குத்து. அந்த மெதுவான சரிவுதான் கால் எடுத்த இடம்.

ஒரு சுற்றில் மட்டும் இருந்தால் அது பொருளற்றது, முன்னால் கார் இருந்திருக்கலாம். தொடர்ந்து மூன்று சுற்று அதே இடத்தில் இருந்து, முன்னால் 2 நொடிக்கு ஆள் இல்லை என்றால் தைரியமாகச் சொல்லலாம். ஐரேஸிங்கில் ஆர்பிஎம் தனியாக வருவதால் இன்னும் தெளிவு: கியர் மாறாமல் ஆர்பிஎம் மட்டும் சரிந்தால் கால் எடுத்துவிட்டார் என்று பொருள்.

இடைவெளி பற்றியும் ஒன்று. தூரத்தை வைத்துக் கணக்கிட்ட இடைவெளியை நிபுணருக்குக் கொடுக்காதீர்கள். லா சூர்ஸ் வளைவில் எல்லாரும் நெருங்கித் தெரிவார்கள், கெம்மலில் விரிந்து தெரிவார்கள், உண்மையில் எதுவும் மாறியிருக்காது. சுற்றை 20 துண்டாகப் பிரித்து, முன்னவர் அந்தக் கோட்டைக் கடந்த நேரத்துக்கும் பின்னவர் அதே கோட்டைக் கடந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டுங்கள். அது ஐந்து துண்டு தொடர்ந்து குறைந்தால்தான் "நெருங்குகிறார்" என்ற வார்த்தை வர வேண்டும்.

லிஃப்ட்_கணக்கு:

நிபுணருக்கு ஒரு எக்செல் தாள் கொடுங்கள். அதிகம் வேண்டாம், ஒரே ஒரு கணக்கு: எத்தனை சுற்று?

நேர அளவில் நடக்கும் ரேஸில் சுவாரஸ்யம் மொத்தமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது, வர்ணனையில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஸ்பா, 60 நிமிடம், அதாவது 3600 நொடி. முன்னணிக் கார் சராசரி 2:18.0 ஓடினால் 26 சுற்று முடிய 3588 நொடி. இன்னும் 12 நொடி மிச்சம், அதனால் 27-வது சுற்று உண்டு. சராசரி 2:18.5 என்றால் 26 சுற்று முடிய 3601 நொடி. நேரம் தீர்ந்துவிட்டது, கொடி விழுந்துவிடும். அரை நொடி சராசரியில் ஒரு முழுச் சுற்றே மாறுகிறது. ஒரு சுற்றுக்கு 3.6 லிட்டர் என்று வைத்தால், 93.6 லிட்டரா 97.2 லிட்டரா என்பது இந்த அரை நொடியில் இருக்கிறது. எல்லைக்கோடு 3600-ஐ 26-ஆல் வகுத்தால் வரும் 138.46 நொடி.

பாதி ரேஸில் இதைத் திரும்பப் போடுங்கள். முன்னணிக் கார் 13 சுற்று முடித்துக் கோட்டைக் கடக்கும்போது 30:10 மிச்சம் என்றால் 1810 நொடி. 13-ஆல் வகுத்தால் 139.23. இனி வரும் சுற்றுகள் சராசரி 2:19.23-க்குக் கீழே இருந்தால் மொத்தம் 27, மேலே போனால் 26. இந்த எண்ணைத் திரை ஓரத்தில் ஒட்டிவிட்டு நிபுணர் சொல்லலாம்: "முதலிடத்தில் இருப்பவருக்கு எரிபொருள் பற்றவில்லை என்றால் அவர் வேகத்தைக் குறைத்து, கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு கோட்டைக் கடக்கப் பார்ப்பார். இரண்டாவது ஆள் நெருங்கி வந்தால் அது முடியாது." இதைக் கேட்ட பார்வையாளர் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டு நகர மாட்டார். இப்படி முன்கூட்டிச் சொல்வதற்குத்தான் நிபுணர் வேண்டும், நடந்ததைச் சொல்ல இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

முதல் சுற்று எப்போதும் சில நொடி கூடுதல் ஆகும், அதைச் சராசரியில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

ஐரேஸிங்கில் பிட் ஸ்டாப் உள்ள ரேஸுக்கு இன்னொரு வேலை. பயிற்சி செஷனில் அந்தக் காருக்கு டயர் தொடாமல் 50 லிட்டர் மட்டும் நிரப்பி எத்தனை நொடி என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு டயரோடு சேர்த்து ஒரு தடவை. ரேஸில் ஒரு கார் பிட் பெட்டியில் நின்ற நேரத்தை வைத்து எவ்வளவு நிரப்பினார் என்று நிபுணரால் கணிக்க முடியும். காருக்குக் கார் வேகம் மாறும், அதனால் வேறு காரின் எண்ணைக் கொண்டுவந்து போடாதீர்கள்.

ஒலிமேசை:

குரல் பகுதிக்கு வருகிறேன். மூன்றாவது ஆள் வந்தவுடன் முதலில் உடைவது ஒலிதான்.

டிஸ்கார்டை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. எல்லாக் குரலும் ஒரே ஓடையாக வரும், ஒருவர் உரக்கப் பேசினால் ஓபிஎஸ்ஸில் அவரை மட்டும் குறைக்க முடியாது. விடிஓ நிஞ்ஜாவில் (பிரவுசர் வழியாகக் குரலையும் படத்தையும் இணைக்கும் சேவை) ஒரு அறை திறங்கள், ஒவ்வொருவரையும் தனித்தனி பிரவுசர் சோர்ஸாக ஓபிஎஸ்ஸில் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் "ஆடியோவை ஓபிஎஸ் கட்டுப்படுத்தட்டும்" என்ற பெட்டியில் டிக் போட மறந்தால் குரல் டெஸ்க்டாப் ஒலியோடு கலந்துவிடும், தனி ஃபேடர் கிடைக்காது.

அடுத்தது திரும்பிப் போகும் ஒலி. நிபுணருக்கு நிகழ்ச்சியின் முழு ஒலியையும் அனுப்பினால் அவர் குரலே அரை நொடி தாமதமாக அவர் காதில் விழும். யாராலும் அப்படிப் பேச முடியாது, நாக்கு தடுமாறும். அவர் குரலைக் கழித்துவிட்டு மற்றதை மட்டும் அனுப்ப வேண்டும், மிக்ஸ்-மைனஸ் என்பார்கள். செலவில்லாமல் இப்படிச் செய்யலாம். விளையாட்டின் ஒலியை மட்டும் ஓபிஎஸ்ஸில் மானிட்டர் அண்ட் அவுட்புட் என்று வைத்து, மானிட்டர் சாதனமாக ஒரு விர்ச்சுவல் கேபிளை (ஒலியை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மென்பொருள்) தேர்ந்தெடுங்கள். ஓபிஎஸ் விர்ச்சுவல் கேமராவைத் தொடங்குங்கள். குரோமில் ஒரு டேப் திறந்து அதே அறையில் இன்னொரு விருந்தினராக நுழையுங்கள்: கேமராவாக ஓபிஎஸ், மைக்காக அந்தக் கேபிள். படமும் இன்ஜின் சத்தமும் இந்த வழியில் போகும், மனிதக் குரல்கள் அறைக்குள் நேரடியாக ஒருவருக்கொருவர் கேட்கும். யார் குரலும் அவரிடமே திரும்பாது.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். அந்த டேபில் நாய்ஸ் சப்ரெஷன், எக்கோ கேன்சலேஷன் இரண்டையும் அணைக்காவிட்டால் இன்ஜின் சத்தத்தை அது இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். நிபுணருக்கு ஊமைப்படம்தான் வரும். இரண்டாவது, அந்த டேபின் ஸ்பீக்கரை மியூட் செய்யாவிட்டால் எல்லாக் குரலும் டெஸ்க்டாப் வழியாக ஓபிஎஸ்ஸுக்குள் இன்னொரு முறை வரும். கிணற்றுக்குள் பேசுவது போல ஒலிக்கும்.

இன்ஜின் சத்தத்தைக் குரலுக்குக் கீழே அமுக்க: விளையாட்டு ஒலி சோர்ஸில் கம்ப்ரஸர் ஃபில்டர் போட்டு, சைட்செயினில் (எந்த ஒலி வந்தால் அமுக்க வேண்டும் என்ற அமைப்பு) குரலைத் தேர்ந்தெடுங்கள். இயல்பான அமைப்பில் அமுக்கும் விகிதம் 10:1, ரிலீஸ் (அமுக்கியதை விட ஆகும் நேரம்) 60 மில்லிசெகண்ட். அப்படியே விட்டால் இரண்டு சொல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளியிலெல்லாம் இன்ஜின் எழும்பி எழும்பி அமுங்கும், கேட்பவருக்குத் தலைவலி. 3:1 அல்லது 4:1, ரிலீஸ் 500 பக்கம் வையுங்கள். சைட்செயினில் ஒரே ஒரு சோர்ஸைத்தான் கொடுக்க முடியும், அதனால் மூன்று குரலுக்கு மூன்று கம்ப்ரஸர் அடுக்க வேண்டும்.

பிட்வால்:

அருமை ஐயா, இது பெரிய உதவி. ஒரு சந்தேகம். நிபுணர் வேறு நாட்டில் இருந்தால் படத்துக்கும் பேச்சுக்கும் இடைவெளி வராதா? அவரை யூடியூப் நேரலையையே பார்த்துப் பேசச் சொன்னால்?

ஒலிமேசை:

யூடியூபைப் பார்த்துப் பேச வைக்கவே கூடாது. பல நொடி பின்னால் இருக்கும். முந்திய காட்சி முடிந்து விளம்பரப் பலகைக்குப் போன பிறகு அவர் "அடடா" என்பார்.

அறை வழியாகப் போனால் போக வர அரை நொடிக்குள் அடங்கும், அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. எஸ்ஆர்டி என்ற வீடியோ அனுப்பும் நெறிமுறை வழியாகப் படம் அனுப்பினால் தாமத அளவை நீங்களே வைக்கலாம். இயல்பு 120 மில்லிசெகண்ட், ஆனால் அது பக்கத்து ஊருக்குத்தான் சரி. பிங் நேரத்தைப் போல நான்கு மடங்கு வையுங்கள். பிங் 150 என்றால் 600. குறைத்து வைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். இரு முனையிலும் வேறு வேறு எண் இருந்தால் பெரிய எண்தான் செல்லும்.

இன்னொரு சிக்கல் இதற்கு நேரெதிர்: குரல் படத்தை முந்துவது. நிபுணர் தன் கணினியிலிருந்தே சர்வரில் பார்வையாளராக இருந்தால் அவர் பார்ப்பது உடனுக்குடன். உங்கள் ஒளிபரப்புப் படம் அரை நொடி பின்னால் வந்தால், மோதல் நடக்கும் முன்பே அவர் வாயிலிருந்து "ஐயோ" வந்துவிடும். சுவாரஸ்யம் போச்சு. ஓபிஎஸ் அட்வான்ஸ்டு ஆடியோவில் குரலுக்கு சிங்க் ஆஃப்செட் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

எவ்வளவு என்று அளக்க: பயிற்சி செஷனில் பச்சை விளக்கு வரும்போது நிபுணரை "இப்போ" என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவில் விளக்கு மாறிய ஃபிரேமுக்கும் குரல் தொடங்கிய ஃபிரேமுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணுங்கள். குரல் முந்தியிருந்தால், மனிதர் எதிர்வினைக்கு 200 மில்லிசெகண்ட் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து தடவை செய்து நடு எண்ணை எடுங்கள்.

ஏபெக்ஸ்வேட்டை:

ரீப்ளே. இதற்குக் கட்டாயம் இரண்டாவது கணினியும் இரண்டாவது கணக்கும் வேண்டும். பேரம் பேசாதீர்கள். ஒரே கணினியில் ரீப்ளே போட்டால் நேரலை போய்விடும், அந்தப் பத்து நொடியில்தான் ரேஸை முடிவு செய்யும் முந்தல் நடக்கும். ஓபிஎஸ் ரீப்ளே பஃபர் சும்மா கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஒளிபரப்பில் போன படத்தை மட்டும்தான் சேமிக்கும். கேமரா வேறு காரில் இருந்தபோது நடந்தது அதில் இருக்காது. நிபுணருக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

ஏசிசி சர்வரில் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். 28 கார் என்றால் இணைப்பு எண்ணிக்கை வரம்பு 28 என்று வைத்துவிட்டு, ரேஸ் இரவில் பார்வையாளர் கணினி உள்ளே போக முடியாமல் நிற்பது வழக்கமான தவறு. ஒளிபரப்பு, ரீப்ளே, நிபுணர், ஸ்டூவர்ட் (மோதல்களை விசாரித்து முடிவு சொல்பவர்) இருவர் என்று ஐந்து சேர்த்து, உதிரிக்கு இரண்டும் வைத்து 35 கொடுங்கள். கார் இடம் வேறு, இணைப்பு வேறு. பார்வையாளர் கடவுச்சொல்லும் ஓட்டுநர் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கக் கூடாது, வேறு வேறாக இருக்க வேண்டும்.

ஐரேஸிங்கில் ரீப்ளே கணினியின் மேக்ஸ் கார்ஸ் (எத்தனை கார் வரை காட்டுவது) அமைப்பைப் பாருங்கள். சொந்த ஓட்டத்துக்காகக் குறைத்து வைத்தது அப்படியே இருந்தால் தூரத்துக் கார்கள் திரையில் வரவே வராது. உச்சத்துக்கு ஏற்றுங்கள்.

படத்தின் மேல் வரைய விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ஜூம்இட் இலவசம். ரீப்ளேவைச் சரியான ஃபிரேமில் நிறுத்தி, கன்ட்ரோலும் 2-ம் அழுத்தினால் திரை உறைந்து பேனா வரும். ஷிஃப்ட் பிடித்து இழுத்தால் நேர்கோடு, கன்ட்ரோல் பிடித்தால் கட்டம். எழுத்து ஈ அடித்தால் எல்லாம் அழியும், எஸ்கேப் வெளியே. முந்துபவருக்கு ஒரு நிறம், தடுப்பவருக்கு ஒரு நிறம், அதற்கு மேல் வேண்டாம். மௌஸால் வரைந்தால் கோணல்மாணல், ஒரு சாதாரண பேனா டேப்லெட் போதும்.

திரையில் மூன்றில் இரண்டு பங்கு ரீப்ளே, ஒரு பங்கு நேரலை. நேரலைப் படம் ஒரு கணம்கூடத் திரையை விட்டுப் போகக் கூடாது.

கொடி_மார்ஷல்:

மோதல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதைப் பிரீஃபிங்கில் எழுத்தில் கொடுங்கள்.

சிம்மில் ஒவ்வொரு ஓட்டுநரும் பார்ப்பது வேறு வேறு ரேஸ். தன் கார் உள்ள இடம் உண்மை, மற்றவர் கார் உள்ள இடம் கணிப்பு. ஒளிபரப்புக் கணினி பார்ப்பதோ மூன்றாவது ஒரு வடிவம், அதில் எல்லாக் காருமே கணிப்பு. 250 கிமீ வேகம் என்றால் நொடிக்கு 69 மீட்டர். 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 7 மீட்டர், ஒன்றரைக் கார் நீளம். நேரே போகும்போது கணிப்பு சரியாகவே இருக்கும். ஒருவர் திடீரென்று பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் பிசகும், மோதல்களும் அங்கேதான் நடக்கின்றன.

அதனால் ஒளிபரப்புப் படத்தை மட்டும் வைத்து "பின்னால் இடித்துவிட்டார்" என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். ஒரு ஓட்டுநரின் பெயர் சாட்டில் கிழிபடும், பிறகு ஸ்டூவர்ட்கள் அந்த ஓட்டுநரின் ரீப்ளேவைப் பார்த்துத் தொடவே இல்லை என்பார்கள். "இந்தப் படத்தில் தொடுவது போலத் தெரிகிறது, இருவரின் பதிவையும் பார்த்துத்தான் முடிவு வரும்" என்பதே சரியான வாக்கியம். வேண்டுமென்றே செய்தார் என்ற சொல்லுக்கு முழுத் தடை.

ஐரேஸிங்கில் சாலைப் பந்தயத்துக்கு இன்சிடென்ட் புள்ளிகளை நிபுணர் விளக்கலாம்: பாதை விலகினால் 1, கட்டுப்பாடு இழந்தால் 2, காரோடு பலமாக மோதினால் 4. மெல்லிய உரசல் 0. யார் புள்ளி வரம்பை நெருங்குகிறார் என்பது நல்ல செய்தி. ஆனால் புள்ளி இருவருக்கும் விழும், அது குற்றத்தின் அளவல்ல.

பச்சைக்கொடி_27:

ஒரு மாற்றுக் கருத்து. அணிகளிடமிருந்தே எரிபொருள் தரவை வாங்கி நிபுணர் காட்டலாம் என்று சில லீக்குகளில் யோசனை ஓடுகிறது. ஓட்டுநர் கணினியில் சின்ன நிரல் ஓடி, லீக் சர்வருக்கு லிட்டரை அனுப்பும். தொழில்நுட்பமாகச் சுலபம். ஆனால் எதிரணி இன்ஜினியர் ஒளிபரப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார். "முதலிடத்துக்கு 2 லிட்டர் குறைவு" என்று நிபுணர் சொன்ன அடுத்த நொடி அவர் தன் ஓட்டுநரை விரட்டச் சொல்வார். நிபுணர் பேச்சே ரேஸ் முடிவை மாற்றிவிடும்.

லிஃப்ட்_கணக்கு:

அது நியாயமான பயம்தான் ப்ரோ. ஓபிஎஸ் ஸ்ட்ரீம் டிலே (ஒளிபரப்பையே தாமதப்படுத்துவது) வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஸ்பாவில் ஒரு சுற்றே 2 நிமிடம் 18 நொடி. பிட்டுக்குள் வரச் சொல்லும் முடிவு காலாவதியாக வேண்டுமென்றால் இரண்டரை நிமிடமாவது தள்ள வேண்டும். அதற்குள் லைவ் டைமிங் பக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடும், சாட்டும் செத்துவிடும்.

நான் போடும் எல்லை இதுதான்: தனியாக வாங்கிய தரவு ரேஸ் ஓடும்போது திரைக்கு வரக் கூடாது. கடைசி பிட் ஸ்டாப்பும் முடிந்த பிறகு காட்டலாம், அல்லது எல்லா அணிக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடலாம். பெட்டியில் நின்ற நொடியை வைத்து நிபுணரே போடும் கணக்குக்கு எந்தத் தடையும் வேண்டாம். ஸ்டாப்வாட்ச் உள்ள எவரும் போடக்கூடிய கணக்கு அது.

பச்சைக்கொடி_27:

கடைசி ஸ்டாப்புக்குப் பிறகும் வேண்டாம் என்பேன். யார் எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார் என்ற சண்டை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். கொடி விழுந்த பிறகு, முடிவு அலசலில் காட்டுங்கள். மற்றதில் உடன்படுகிறேன்.

கவி_ரேஸ்கிராஃப்ட்:

எப்போது பேச வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடும்.

ஏபெக்ஸ்வேட்டை:

சரியான கேள்வி. முதல் இரண்டு சுற்றிலும் கடைசி மூன்று சுற்றிலும் நிபுணர் மௌனம். வர்ணனையாளர் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் ஒரு வரி. மூன்றாவது சுற்றிலிருந்து பிட் ஜன்னல் (பிட் ஸ்டாப்புக்கு ஒதுக்கிய நேரம்) திறக்கும் வரை அவர் நேரம். ஓவல் ரேஸ் என்றால் மஞ்சள் கொடி ஓடும் சுற்றுகள் அவருக்கே.

ஒரு ரீப்ளே 20 நொடி. தமிழில் நிதானமாகப் பேசினால் 35-40 சொல்தான் அடங்கும். எழுதி எண்ணிப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று தெரியும். "இங்கே பாருங்க, என்ன பண்றாருன்னா" என்று தொடங்கினால் நாலு நொடி வீண். வரைந்த கோட்டிலிருந்தே தொடங்க வேண்டும்: "பூஓன் வளைவில் இவர் பத்து மீட்டர் முன்னாலேயே கால் எடுக்கிறார். வெளியே வரும்போது வேகம் கூடுதல். இரண்டு சுற்றில் பஸ் ஸ்டாப் வளைவில் முயற்சி வரும்." போதும்.

அண்டர்கட், ஸ்லிப்ஸ்ட்ரீம், அண்டர்ஸ்டீர் இவற்றை வலிந்து மொழிபெயர்க்க வேண்டாம். ஒளிபரப்பு ஒன்றுக்கு ஒரு தடவை, அந்தச் சொல் முதலில் வரும்போது, ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டுப் போகலாம். "முன்சக்கரம் திரும்பியும் கார் திரும்ப மறுக்கிறது" என்றால் அண்டர்ஸ்டீர் என்னவென்று பாட்டிக்கும் புரியும்.

பேச்சை மாற்றித் தர டைரக்டரின் குரல் காதில் தனியாக வர வேண்டும். "ரீப்ளே ஐந்தில்" என்று சொன்னதும் வர்ணனையாளர் வாக்கியத்தை முடிப்பார், நிபுணர் தொடங்குவார். டைரக்டர் அழுத்தும் பொத்தான் ஒளிபரப்பு ஒலிக்குள் போகிறதா என்று தனியாகச் சோதியுங்கள்.

பிட்வால்:

நன்றி எல்லோருக்கும். இரண்டாவது கணினியும் நிஞ்ஜா அறையும் உறுதி. லீக்கில் ஒன்பதாவதாக முடித்த ஒருவரிடம் பேசியாயிற்று, அவரே ஒரு அணிக்கு இன்ஜினியரும்கூட. கடைசியாக ஒன்று: முன்னணியில் இருப்பவரின் இணைப்பே துண்டிக்கப்பட்டால் நிபுணர் என்ன செய்ய வேண்டும்? 2023 லெ மான் வெர்ச்சுவலில் முதலிடத்தில் இருந்த வெர்ஸ்டாப்பனுக்கு நடந்தது போல.

கொடி_மார்ஷல்:

மூன்று தகவலை அட்டையில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிடுங்கள். துண்டிக்கப்பட்டவர் திரும்ப வரலாமா, வந்தால் எத்தனை சுற்று இழப்பு என்பது லீக் விதியில் என்ன இருக்கிறது. சர்வர் முழுதும் விழுந்தால் எத்தனை சதவீதம் முடிந்திருந்தால் புள்ளி கிடைக்கும். ரேஸை நிறுத்தும் ரெட் ஃப்ளாக் முடிவை யார் அறிவிப்பார்.

துண்டிப்பு நடந்ததும் முதல் வேலையாக டைமிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கார் மட்டும் போயிருந்தால் அது அவர் பக்கம். நாலைந்து கார் ஒரே சமயத்தில் மறைந்தால் சர்வர் பக்கம். "இணைப்பு போயிருக்கிறது, காரணத்தை ரேஸ் கன்ட்ரோல் சொல்லும்" என்பதற்கு மேல் காரணம் பேச வேண்டாம். உடனே கணக்குக்குப் போகட்டும்: முன்னணி மாறிவிட்டது, புதிய முன்னணியின் சராசரி என்ன, 26 சுற்றா 27 சுற்றா.